யன்னலில் இருந்த கோப்பை

எல்வூட், மெல்பேர்ண்
12.8.1973

அன்புத் தம்பி சிவபாலனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அத்தானும் நல்ல சுகம். உன் இருமல் விட்டதா? நான் அனுப்பிய கம்பளிப் பெனியனைப் போடுகிறாயா, இல்லை அது பெட்டிக்குள்ளேயே சுகமாகத் தூங்குகிறதா? முதலில் அதை எழுது.

வீடு மாறிவிட்டோம். செங்கல் கட்டடம், மூன்று தட்டு, தட்டுக்கு ஒரு வீடு. நாங்கள் நடுத்தட்டு. மேலே நடப்பதும் கேட்கும், கீழே பேசுவதும் கேட்கும். அத்தானுக்கு அது தொல்லை. எனக்கு அதுதான் ரேடியோ.

மேல் வீட்டில் மிசிஸ் ரோட்மன். போலந்திலிருந்து வந்த யூத மனுசி, எழுபது வயது இருக்கும், தனி ஆள். பெரிய யுத்தத்தில் குடும்பம் முழுவதும் போய், ஒரு தங்கை மட்டும் மிச்சம். அவர் இஸ்ரேலில். கீழ் வீட்டில் உம் எலியாஸ். எலியாசின் அம்மா என்று அர்த்தமாம். நாங்கள் 'சிறியின்ரை அம்மா' என்று கூப்பிடுகிற மாதிரி அராபியரும் மூத்த மகன் பெயரில்தான் தாயைக் கூப்பிடுவார்கள். பாலஸ்தீன அராபியர், கிறிஸ்தவ வேதக்காரர். ஹைஃபா என்கிற துறைமுகப் பட்டினத்தில் பிறந்தவர். இஸ்ரேல் உருவான நாற்பத்தெட்டாம் ஆண்டுச் சண்டையில் வீட்டை விட்டு ஓடி, பெய்ரூட்டில் இருந்து, பிறகு இங்கே வந்திருக்கிறார். இருவரும் பேசுவது உடைந்த இங்கிலீசு. நான் அதை என் வாயில் வருகிற தமிழில் எழுதுகிறேன், நீ பிழை பிடிக்காதே.

புதினம் இனித்தான். வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி பொழுதுபடும் வரை மிசிஸ் ரோட்மனின் சமயத்தில் ஓய்வு நாள். நெருப்புத் தொடமாட்டார், சுவிச்சும் போடமாட்டார். இன்னொருவரைப் பார்த்து 'மூட்டி விடு' என்று கேட்பதும் அவருக்குக் கூடாது. அதனால் சனி காலையில் கதவைத் திறந்து படித் தலைப்பில் நின்று, காற்றுக்குச் சொல்வது போல, "இண்டைக்குக் குளிராக் கிடக்கு" என்பார். கீழே உம் எலியாசின் கதவு திறக்கும். கையில் தன் வீட்டுக் கோப்பிக் கேத்தலோடு ஏறிப் போய் காஸ் ஹீட்டரை மூட்டிவிட்டு, இருவரும் மதியம் வரைக்கும் கதைத்துக்கொண்டிருப்பார்கள். ஏழு வருடமாக இப்படியாம்.

நான் வந்த முதல் சனி எனக்கு ஒன்றும் தெரியாதே. மனுசி "குளிராக் கிடக்கு" என்றதும் கதவைத் திறந்து, "ஓம் ஓம், சரியான குளிர்தான்" என்று சொல்லிவிட்டு மூடிவிட்டேன். அத்தான் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

டிசம்பரில் நத்தார் லீவுக்கு நீ வர வேண்டும். சாட்டுச் சொல்லாதே.

உன் அக்கா,
இரஞ்சிதம்

*

ஆஷ்ஃபீல்ட், சிட்னி
26.8.1973

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் விட்டுவிட்டது. பெனியன் பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது. ஆகவே நீங்களும் அத்தானும் என்னைப் பற்றிக் கவலைப்படாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் படிக்கட்டுக் கதையை வாசித்துவிட்டு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்யும் ஒரு லெபனான்காரர் யூதர் என்ற சொல்லைக் கேட்டாலே தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பிப் போவார். அவரிடம் இதைச் சொன்னேன். "அந்த மனுசி ஹைஃபாவோ? அப்ப சரி, அவை அப்பிடித்தான்" என்றார். ஏன் சரி என்று கேட்டதற்குத் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

நத்தாருக்கு வருகிறேன். நேரில் ஒரு விசயம் சொல்ல வேண்டும். இங்கே ஆஸ்பத்திரியில் யோகா என்று ஒரு நர்ஸ் வேலை செய்கிறா. இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவ. எங்கட பக்கம்தான். மிச்சம் நேரில்.

அன்புடன்,
சிவபாலன்

*

எல்வூட்
9.9.1973

அன்புத் தம்பி,

எங்களுக்குச் சுகத்தில் ஒரு குறைவும் இல்லை. உன் கடிதத்தைக் கண்டதிலிருந்து எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எங்கட பக்கம் என்றால் எந்த ஊர்? எந்த ஒழுங்கை? தகப்பன் பெயர் என்ன? ஒழுங்கையைச் சொன்னாலே எந்த ஆட்கள் என்று எனக்கு விளங்கிவிடும். 'மிச்சம் நேரில்' என்று எழுதி அக்காவை நத்தார் மட்டும் பட்டினி போடப் பார்க்கிறாய்.

நேற்றுச் சனிக்கிழமை மேலே போய் இருவரோடும் இருந்தேன். உம் எலியாஸ் தன் வளவில் காய்த்த தேசிக்காய் கொண்டு வந்திருந்தார். மிசிஸ் ரோட்மன் அதை முகர்ந்து முகர்ந்து வாங்கினார். ஆனால் உம் எலியாஸ் சமைத்த எதையும் வாய்க்குள் வைக்கமாட்டாராம். நான் கொண்டுபோன வடையையும் தொடவில்லை. சரி, வயது போன மனுசி, வயிறு பார்த்துச் சாப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

பிறகு கண்டதுதான் என்னைச் சுட்டது. உம் எலியாஸ் குடிக்கிற கோப்பை, கைபிடி இல்லாத சின்னக் கோப்பை, நீலப் பூப் போட்டது. அது அலுமாரிக்குள் இல்லை. குசினி யன்னலில், மற்றச் சாமான் எதிலும் படாமல், தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. குடித்து முடிய உம் எலியாசே அதைக் கழுவி, திரும்ப யன்னலிலேயே கவிழ்த்தார்.

எனக்கு உடனே எங்கள் வீட்டுத் தாழ்வாரத்து வளை மரத்தில் இருந்த தகரப் பேணி நினைவு வந்தது. களை பிடுங்க வருகிற பவளம் தானே எடுத்துக் குடித்துவிட்டுத் தானே கவிழ்த்து வைக்கிற பேணி. அது வேறு கதை, அதற்கு ஊரில் ஒரு முறை இருந்தது. உம் எலியாஸ் அப்படிப்பட்ட ஆளா? தகப்பன் ஹைஃபாவில் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். பிரெஞ்சு வாசிக்கிற மனுசி. இந்த மனுசிக்கு வேறு கோப்பையா? கேட்க வாய் வந்தது. அத்தானின் முகத்தை நினைத்து அடக்கினேன்.

அடக்கியதற்குப் பதிலாக இன்னொன்றைக் கேட்டுவிட்டேன். மிசிஸ் ரோட்மனின் தங்கை இருப்பதும் ஹைஃபாவில்தான். "அட, ஒரே ஊர்! எந்தத் தெரு?" என்று இருவரையும் பார்த்துக் கேட்டேன். மிசிஸ் ரோட்மன் தேசிக்காயை உருட்டிக்கொண்டிருந்தார். உம் எலியாஸ் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர்தான், "இந்த வருசம் தேசிக்காய் நல்ல சாறு" என்றார். ஏழு வருடத்தில் ஒருவரை ஒருவர் தெருவின் பெயர் கேட்டதே இல்லை என்று எனக்குப் படியிறங்கும்போதுதான் விளங்கியது.

நீயாவது எனக்கு மறுமொழி எழுது. எந்த ஒழுங்கை?

அன்புடன் அக்கா

*

ஆஷ்ஃபீல்ட்
30.9.1973

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை அதிகம், அதனால் சுணங்கிவிட்டது. சுகமாக இருக்கிறேன். அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கோப்பை விசயத்தில் அவசரப்படாதீர்கள். ஏன் அப்படி வைத்திருக்கிறது என்று அந்த வீட்டுக்காரரிடமே கேட்கலாம். கேளாமல் நீங்களாக ஒரு முடிவு கட்ட வேண்டாம். இதை மட்டும் தயவாகக் கேட்கிறேன்.

மற்றவை பிறகு.

சிவபாலன்

*

எல்வூட்
15.10.1973

அன்புத் தம்பி,

மூன்று கிழமைக்குப் பிறகு ஆறு வரிக் கடிதம். அதிலும் நான் கேட்டதற்கு மறுமொழி இல்லை. நீ சுகமாக இருந்தால் சரி. நாங்கள் இருக்கிறோம்.

சண்டை தொடங்கிய செய்தி உனக்கும் தெரியும். மிசிஸ் ரோட்மன் அந்தச் சனி முழுவதும் விரதம். அவர்களுடைய ஆண்டின் பெரிய விரதம். பச்சைத் தண்ணீரும் இல்லை. விடிந்தால் ரேடியோவில் செய்தி: எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலோடு சண்டை. மேலே கதிரை இழுக்கிற சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் இல்லை. தங்கை மகன் அவ்னர் பட்டாளத்தில். கீழே உம் எலியாசின் தமையன் சிரியாவில், டமாஸ்கசில். நான் நடுவில் இருந்து இரண்டு ரேடியோவையும் கேட்டேன். ஒரே செய்தி, ஒரே ஆள் வாசிக்கிறார். மேலே ஒரு இடத்தில் பெருமூச்சு, கீழே வேறு இடத்தில் பெருமூச்சு.

முந்தநாள் சனி. நான் விடியவே எழும்பி உடுத்துக்கொண்டு இருந்தேன். இனி உம் எலியாஸ் போகமாட்டார், நான்தான் போய் மூட்ட வேண்டும் என்று. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஆனால் மனுசி ஒன்றும் சொல்லவில்லை. வெகுநேரம் நின்றார். தம்பி, அவருக்கு அந்த ஒரு வசனத்தைச் சொல்லவும் பயமாக இருந்திருக்க வேண்டும்.

கீழே கதவு திறந்தது. உம் எலியாஸ் கேத்தலோடு ஏறி வந்தார். என் வாசலைத் தாண்டும்போது மேலே பார்த்து, அவரே சொன்னார்: "இண்டைக்குக் குளிராக் கிடக்கு." ஏறிப் போய்விட்டார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன்.  

அக்கா

*

ஆஷ்ஃபீல்ட்
22.10.1973

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும், மேல் வீடும் கீழ் வீடும் அப்படியே.

உங்கள் கடிதத்தை யோகாவுக்கு வாசித்துக் காட்டினேன். உம் எலியாஸ் படியேறிய இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னா. "உங்கட அக்கா நல்லா எழுதுறா. நல்ல மனம்" என்றா. எனக்குச் சரியான சந்தோசம். உங்களுடைய எல்லாக் கடிதத்தையும் அவவுக்குக் காட்டுவேன். செப்டம்பர்க் கடிதத்தை மட்டும் காட்டவில்லை.

நத்தாருக்கு யோகாவையும் கூட்டி வருகிறேன். அவ முதலில் மாட்டேன் என்றா. இப்போது ஓம் என்கிறா, அந்தப் படிக்கட்டைப் பார்க்க வேண்டுமாம். எந்த ஒழுங்கை என்பதை அவவே வந்து உங்களுக்குச் சொல்லட்டும். அதுவரைக்கும் கேட்காதீர்கள்.

கோப்பை பற்றி அந்த மனுசியிடம் கேட்டீர்களா?

அன்புடன்,
சிவபாலன்

*

எல்வூட்
11.11.1973

அன்புத் தம்பி,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. கோபிக்காதே. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நீ கேட்கச் சொன்னாய். நான் கேட்கவில்லை. உன் கடிதம் வந்து நாலாம் நாள் படியில் எலியாஸ் தாயோடு சண்டை. கார்த் தொழிற்சாலையில் வேலை செய்கிற பெடியன், இருபத்துமூன்று வயது, பெய்ரூட்டில் பிறந்தவன். ஹைஃபாவைக் கண்ணாலும் கண்டதில்லை. தாயைவிட அவனுக்குத்தான் ஹைஃபாவை இழந்த கோபம் அதிகம். "அவவின்ரை தங்கச்சி மகன் அங்கை சுடுறான். நீ இஞ்சை அவவுக்கு அடுப்பு மூட்டு" என்று கத்தினான். உம் எலியாஸ், "அது ஒரு கிழவி, எலியாஸ். கிழவிக்குக் குளிருது" என்று மட்டும் சொன்னார்.

நான் பால் போத்தல் எடுக்க வந்தவள். எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். உம் எலியாசின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து வாயைத் திறந்தேன். "தம்பி சொல்லுறதும் சரிதான். உங்கட கோப்பையைக்கூட அவ அலுமாரிக்குள்ளை விடுறேல்லை. எங்கட நாட்டிலை தீண்டாத ஆக்களுக்குத்தான் அப்பிடி வேறையா வைக்கிறது" என்றேன்.

எலியாஸ் தாயைப் பார்த்தான். "உண்மையோ?" என்று கேட்டான். உம் எலியாஸ் மறுமொழி சொல்ல முன்னமே படியேறிவிட்டான். கதவைத் தட்டினான். மிசிஸ் ரோட்மன் அவனைப் பதினாறு வயதிலிருந்து தெரிந்தவர், சிரித்துக்கொண்டு திறந்திருக்கிறார். அவன் அவரைத் தாண்டி உள்ளே போனான். குசினிக்குப் போய் யன்னலில் இருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தான். உடைக்கவில்லை. தாயின் கையில் கொடுத்தான். உடைத்திருந்தால் பரவாயில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த சனி "குளிராக் கிடக்கு" என்ற குரல் கேட்டது. கீழே கதவு திறக்கவில்லை. நான் ஏறிப் போய் ஹீட்டரை மூட்டினேன். அப்போதுதான் கேட்டேன், தம்பி. எல்லாம் முடிந்த பிறகு.

மனுசி சொன்னார், அவர்கள் முறைப்படி இறைச்சிக்கு வேறு சட்டி, பாலுக்கு வேறு சட்டி. அலுமாரியில் தட்டுத் தட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். வேறு வீட்டுப் பாத்திரம் அந்த அலுமாரிக்குள் போக முடியாது, அது யார் வீடாக இருந்தாலும். அந்தக் கோப்பை உம் எலியாஸ் கீழேயிருந்து கொண்டுவந்தது. தன்னுடைய கோப்பையில் குடித்தால்தான் கோப்பி கோப்பியாக இருக்கும் என்பாராம். "எங்கட ஆக்கள் வேறை ஆரும் எண்டால் அதைக் கீழை கொண்டுபோகச் சொல்லியிருப்பினம். நான் அவவுக்கு யன்னலைக் குடுத்தன். என்ரை குசினியிலை எனக்குப் பிடிச்ச இடம் அதுதான், வெயில் விழுற இடம்" என்றார்.

தம்பி, எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறிச் சட்டி வேறு, மீன் சட்டி வேறு. அம்மா இரண்டையும் ஒரே தண்ணீரில் கழுவவும் விடமாட்டா. எனக்கு ஏன் அந்தச் சட்டிகள் நினைவுக்கு வரவில்லை? ஏன் பேணிதான் வந்தது?

ஓடிப்போய் உம் எலியாசிடம் எல்லாம் சொன்னேன். இருக்கச் சொல்லிக் கோப்பி தந்தார். "எனக்கு இது தெரியாதெண்டு நினைச்சனீரோ? நான் ஹைஃபாவிலை அவையோடை வளர்ந்தவள். பக்கத்து வீட்டுக்குச் சனிக்கிழமையிலை அடுப்பு மூட்டினது நான்தான். எந்தச் சட்டி எந்தத் தட்டிலை எண்டு எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும்" என்றார்.

"அப்ப போங்கோவன்" என்றேன்.

"இனி எப்பிடிப் போறது? நான் போனது எனக்குத் தெரிஞ்ச மாதிரி. இப்ப என்ரை பிள்ளை உம்முடைய கண்ணாலை பாக்கிறான். அவனுக்கு நான் இனிமேல் தீண்டாத மனுசி, படியேறிப்போய் வேலை செய்யிற மனுசி. நீர் சொன்ன சொல்லை என்ன செய்யிறது?"

எலியாசிடமும் சொல்லிப் பார்த்தேன். மரியாதையாகக் கேட்டான். "அன்ரி, நீங்கள் நல்லவ. அதாலை இப்ப வேறை மாதிரிச் சொல்லுறியள். உங்கட நாட்டிலை இருக்கிறது பொய்யே?" என்றான். 

யோகாவைக் கூட்டி வா. நீங்கள் வந்தாலாவது வீட்டில் ஒரு கலகலப்பு இருக்கும். நான் ஒழுங்கை கேட்கமாட்டேன்.

அக்கா

*

ஆஷ்ஃபீல்ட்
9.12.1973

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை யோகாவுக்கு வாசிக்கத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டா. மிச்சத்தை அவவே வாங்கி வாசித்தா. முடித்துவிட்டு மடித்துத் தந்தா. வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டா.

நத்தாருக்கு நாங்கள் வரவில்லை. சென்ற கிழமை பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். என் சிநேகிதர் சிறிதரனும் மனைவியும் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள். அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன். மறுமொழி இல்லை.

எந்த ஒழுங்கை என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் போகிற ஒழுங்கை. தாயின் பெயர் பவளம்.

சிவபாலன்

*

எல்வூட்
17.12.1973

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம். அத்தானுக்கும் சுகம்.

இதோடு நாலு தாள் கிழித்துவிட்டேன். முதல் தாளில் சரியான கோபம். என்னிடம் கூடச் சொல்லாமல் கல்யாணமா என்று. நான் உன்னைத் தூக்கி வளர்த்தவள் அல்லவா? மற்றத் தாள்களில் எழுதியது எனக்கே பிடிக்கவில்லை. பவளத்தின் கடைசிப் பெட்டை பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரி என்று அப்பா சொல்லுவார். அந்தப் பிள்ளையா?

நீ எழுதியதை அத்தானுக்குக் காட்டினேன். இரண்டு முறை வாசித்தார். பிறகு, "அவையை வரச் சொல்லு" என்றார். நானும் அதைத்தான் சொல்கிறேன். நத்தாருக்கு இல்லாவிட்டால் பொங்கலுக்கு வாருங்கள். இரண்டு பேரும். நேற்றுக் கடைக்குப் போய் உங்கள் இருவருக்கும் என்று புதிதாக இரண்டு நல்ல கோப்பை வாங்கி வைத்திருக்கிறேன். யோகாவுக்குச் சொல்லு.

அக்கா

*

எல்வூட்
24.2.1974

அன்புத் தம்பி,

புதுவருட வாழ்த்து அட்டை வந்தது. இரண்டு பெயர், வேறு ஒன்றும் இல்லை. பொங்கலும் போய்விட்டது. தபாற்காரன் வரும் நேரத்துக்கு யன்னலில் நிற்கிறேன். ஒருக்கால் ட்ரங்க் கோல் எடுத்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரன் எடுத்து, அவர்கள் வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள், கடிதம் வந்தால் அனுப்பிவிடுவேன் என்றான். இது உன் கைக்கு வரும் என்று நம்பி எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உங்களுக்கென்று கோப்பை வாங்கியதாக நான் எழுதியதை அத்தானுக்குப் போன கிழமைதான் சொன்னேன். உங்களுக்கு ஏன் கோபம் என்று விளங்காமல் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்டிலை இருக்கிற கோப்பைக்கு என்ன? அவைக்கெண்டு வேறையா வாங்கினனீரோ?" என்றார்.

தம்பி, நான் நல்ல மனதோடுதான் வாங்கினேன். நல்ல மனதோடுதான் படியிலும் வாயைத் திறந்தேன். என்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மிசிஸ் ரோட்மனின் தங்கை மகன் அவ்னர் திரும்பி வந்துவிட்டானாம், ஒரு கால் இல்லாமல். உம் எலியாசின் தமையனிடமிருந்து இன்னும் செய்தி இல்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மனுசி குப்பை போட இறங்கும்போது என்னிடம், "கீழை டமாஸ்கசிலை இருந்து ஏதும் வந்ததோ?" என்று கேட்பார். உம் எலியாஸ் உடுப்புக் காயப்போடும்போது, "மேலை அந்தப் பெடியனுக்கு எப்பிடி?" என்பார். நான் நடுவில் நின்று அங்கே சொல்லுவேன், இங்கே சொல்லுவேன். "நீங்களே கேளுங்கோவன்" என்றால் இருவருக்கும் அவசர வேலை வந்துவிடும்.

கீழ் வீட்டார் இன்றைக்குப் போகிறார்கள். எலியாஸ் நகரத்துக்கு வடக்கே கோபேர்க்கில் வீடு பார்த்திருக்கிறான். அங்கே அராபியர் அதிகம், சேர்ச்சும் கிட்ட. நேற்று அவர்களுக்கு இங்கே கடைசிச் சனி.

நேற்று இங்கே வெயில் கொளுத்தியது. சுவரைத் தொட்டால் சுடும். யன்னல் எல்லாம் திறந்து, அத்தான் தோளில் ஈரத்துவாய் போட்டுக்கொண்டு இருந்தார். காலையில் மேலே கதவு திறந்தது. மிசிஸ் ரோட்மன் படித் தலைப்பில் நின்று சொன்னார்:

"இண்டைக்குக் குளிராக் கிடக்கு."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் கதவைத் திறந்தேன். மனுசி கையில்லாத பருத்திச் சட்டையோடு நின்றார், நெற்றியெல்லாம் வியர்வை. என்னைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துத் திரும்பச் சொன்னார், கொஞ்சம் பலமாக:

"சரியான குளிர்."

குனிந்து பார்த்தேன். உம் எலியாசின் கதவு கொஞ்சம் நீக்கலாக இருந்தது. உள்ளே பெட்டிகள் கட்டிக் கிடந்தன. கதவு விளிம்பில் அவர் கை தெரிந்தது, செருப்புப் போட்ட கால் ஒன்றும் தெரிந்தது. அந்தக் கால் வாசற்படியைத் தாண்டவில்லை, உள்ளுக்குப் போகவும் இல்லை. எலியாஸ் உள்ளேயிருந்து அராபியில் ஏதோ கேட்டான். 

எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. "அவ உங்களைக் கூப்பிடுறா, போங்கோ" என்று. ஆனால் அந்தப் படியில் நான் ஒருமுறை பேசியது போதும். வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். மூன்று பேரும் அப்படியே நின்றோம். பிறகு கீழே கதவு மெதுவாக மூடிக்கொண்டது. மனுசி கொஞ்சம் பொறுத்து, படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

பின்னேரம் ஏறிப் போய்ப் பார்த்தேன். இருந்து தண்ணி குடிக்கச் சொன்னார். குசினி யன்னலில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதில் வேறு ஒன்றும் வைக்கவில்லை.

நான் வாங்கிய இரண்டு கோப்பையையும் அலுமாரியில் மற்றக் கோப்பைகளோடு கலந்து வைத்துவிட்டேன். இப்போது எது எது என்று எனக்கே உடனே சொல்ல வராது. இதை யோகாவிடம் சொல்லலாமா, சொன்னால் அதுவும் பிழையாகுமா என்று தெரியவில்லை. நீ தீர்மானி.

வா என்று கேட்க எனக்கு இனி முகமில்லை, கேட்கவும் மாட்டேன். வெளியே கீழ் வீட்டுச் சாமான் ஏற்றுகிற லொறி வந்து நிற்கிறது. தார் உருகிக் கிடக்கிறது. அத்தான் ஐஸ் வாங்கப் போய்விட்டார்.

இங்கே குளிராகக் கிடக்கிறது, தம்பி.

அக்கா